அண்ணன் சொன்ன முடிவுகள்

படம் முடிந்தும் தியேட்டரில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆபரேட்டர் கடைசி ரீலைப் போட மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். பின்னாலிருந்து ஒருவர் மேலே பார்த்து, "ஏலே, மிச்சத்தப் போடுலே! எங்களுக்கெல்லாம் வேற சோலி இல்லையா?" என்று கத்தினார். விசில் பறந்தது. யாரோ நாற்காலியை உதைத்தார்கள். டிக்கெட் கிழிப்பவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "அம்புட்டுதாங்க படம். எந்திரிங்க, சாயங்கால ஷோவுக்கு ஆள் நிக்குது" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வருஷத்தின் ஞாயிற்றுக்கிழமை அது. சிவகாசியில் மேட்னி ஷோ. அண்ணனும் தங்கச்சியுமாக நாங்கள் போயிருந்தோம். கொலைப் படம், மர்மப் படம் எது வந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் விட மனசு வராது. அம்மாவுக்குச் சினிமாவே பிடிக்காது. சாத்தூரில் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவாள். நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். அண்ணன் தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் போர்மேன். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வாரத்தில் ஆறு நாளும் தனித்தனி அறைகளாகக் கட்டியிருக்கும் அந்தக் காட்டில் நடந்து நடந்து, எந்த அறையில் யார் எவ்வளவு வெடிமருந்தை வைத்திருக்கிறார்கள், ஆள் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. ஏழாவது நாள் படம்.

இடைவேளைக்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்து என் காதில் சொல்லிவிடுவான். சொல்லாதே என்று நான் அவன் கையைக் கிள்ளுவேன். பெரும்பாலும் அவன் சொன்னது சரியாகவே இருக்கும்.

அன்றைய படத்தில் மட்டும் அது நடக்கவில்லை. மலை ஊரில் ஒரு பணக்காரர் ஏரியில் மூழ்கிச் செத்துப்போகிறார். அவர் மனைவியும் தம்பியும் கார் டிரைவரும் போலீஸ் அதிகாரியிடம் நடந்ததை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதையும் அப்படியே நடந்ததுபோல் காட்டுகிறார்கள். மூன்றையும் நம்ப முடிகிறது. கடைசியில் அந்த அதிகாரி தனியாக ஏரிக்குப் போய், செத்தவரின் செருப்பு ஒன்றைத் தண்ணீரில் எறிகிறார். அது எந்தக் கரைக்குப் போகிறதோ அதை வைத்து யார் சொன்னது உண்மை என்று தெரிந்துவிடும். செருப்பு நடு ஏரிக்குப் போய் ஆடிக்கொண்டு நிற்கிறது. திரை இருண்டுவிடுகிறது.

சாத்தூர் பஸ்ஸில் அண்ணன் வாயை மூடவில்லை. "பொண்டாட்டிதான் பண்ணிருக்கா. மூணாவது தடவை காட்டுறப்ப அவ கையில வளையல் இல்ல, பாத்தியா?"

"இல்லண்ணே, டிரைவருதான். அவன் மட்டும்தான் ஒரு தடவகூட அழல."

"அழலேன்னா கொன்னுருவானா?" என்றான். கொஞ்ச தூரம் போனதும் அவனே, "எடுத்தவனுக்கே தெரியாது பிள்ள. அதான் விளக்க அணைச்சிட்டு ஓடிட்டான். படம் பாக்க வந்தவனுக்கு ஒரு முடிவச் சொல்லாம அனுப்பலாமா?" என்றான். உண்மையாகவே கோபமாக இருந்தான். அந்த வாரம் முழுக்கச் சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான்.

அடுத்த சித்திரையில் அவன் பயர் ஆபீஸில் விபத்து நடந்தது.

நான் அச்சகத்தில் இருந்தேன். முற்பகல். சோதனைக்கு வெடிக்கிற சத்தம் எங்கள் ஊர்ப்பக்கம் எப்போதும் கேட்கும், யாரும் தலை தூக்க மாட்டார்கள். அன்றைக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் ரோட்டுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்த்தோம். வீட்டிலிருந்து ஒருவராவது பயர் ஆபீஸுக்குப் போகாத ஆள் எங்களில் யாரும் இல்லை. ஆளாளுக்குப் போன் போட்டார்கள். அண்ணனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அது அவன் சட்டையோடு அலுவலக அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

அவனை மதுரை பெரியாஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். முதுகு முழுக்கத் தீக்காயம். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்டது. அவன் நின்றது அறையின் வாசலில். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் எம். புதுப்பட்டிப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்னொருவர் தாயில்பட்டியைச் சேர்ந்த அம்மா. அவருக்குப் பிளஸ் டூ படிக்கிற ஒரே மகள். இரண்டு பேருமே அங்கேயே போய்விட்டார்கள்.

வேப்பமரத்தடியில் நின்று டீ குடித்தது வரைக்கும் அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறிதான். நடுவில் ஒன்றும் இல்லை. ஞாபகம் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். போலீஸ்காரர்கள் வந்தார்கள், வேறு அதிகாரிகளும் வந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவனும் ஒரே பதிலைத்தான் சொன்னான். "ஞாபகம் இல்லீங்க." உராய்வினால் ஏற்பட்ட விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். யார் கையில் இருந்தது உராய்ந்தது என்பதைச் சொல்ல உயிரோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவனிடம் பேச, அச்சகத்திலிருந்து வேஸ்ட் காலண்டர் தாள்களைக் கொண்டுவந்தேன். முன்பக்கம் சாமி படம் கலர் பிசகி அச்சாகியிருக்கும். பின்பக்கம் வெள்ளை. அதில் எழுதிக் காட்டுவேன், அவன் வாயால் பதில் சொல்வான். தன் குரல் தனக்கே கேட்காததால் சில சமயம் ரொம்பச் சத்தமாகப் பேசுவான், சில சமயம் முணுமுணுப்பான்.

அச்சகத்தில் யாரோ அந்த ஏரிப் படத்தின் டிவிடியைக் கொடுத்தார்கள். பொழுதுபோகட்டுமே என்று கொண்டுவந்து கொடுத்தேன். கொடுத்திருக்க வேண்டாம். பகல் முழுக்க அதையே போட்டுக்கொண்டிருந்தான். சத்தத்தை முழுசாகக் குறைத்துவிடுவான். முதலிலிருந்து பார்ப்பதில்லை, மூன்று பேரும் சொல்கிற இடங்களை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுவான். பிறகு ஏரி. "அந்தச் செருப்பு என்னைக்குத்தான் கரை சேரப்போகுதோ தெரியல" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்.

ஆனியில் ஒருநாள் அந்தப் பையனின் அப்பா வந்தார். ஒல்லியான மனுஷர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒங்களத் தொந்தரவு பண்ண வரல. ஊருக்குள்ள என் மகன்தான் மருந்துத் தட்டக் கீழ போட்டுட்டான்னு பேசுறாக. மருமக வீட்டு ஆளுக என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்குறாக. நீங்க பாத்தீக. ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்."

நான் தாளில் எழுதி அண்ணனிடம் நீட்டினேன். படித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞாபகம் இல்லை என்று சொல்லப்போகிறானே என்று அந்தப் பெரியவரைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஒங்க மகன் தட்டத் தொடவே இல்லங்கய்யா" என்றான் அண்ணன். "தண்ணி குடிக்கன்னு வாசப்பக்கம் எந்திரிச்சு வந்தான். கையில தம்ளரு இருந்துச்சு. வெயிலு அவன் தோள்ல விழுந்துச்சு. என்னப் பாத்துச் சிரிச்சான். அம்புட்டுதான்."

பெரியவர் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சத்தமே வராமல் அழுதார். அவர் போன பிறகு நான் எழுதினேன்: "ஞாபகம் வந்துருச்சாண்ணே?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

தோளில் விழுந்த வெயிலும் கையில் இருந்த தம்ளரும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். விருதுநகரில் நாங்கள் பார்த்த ஒரு பழைய மர்மப் படத்தில், சாகப்போகிற ஆள் அப்படித்தான் வாசலுக்கு வந்து நிற்பார். பெரியவரின் மகனை அந்த வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

ஒரு மாதம் கழித்து, செத்துப்போன அந்தத் தாயில்பட்டி அம்மாவின் மகள் தன் அப்பாவோடு வந்தாள். அப்பா வாசலை விட்டு உள்ளே வரவில்லை. அவள் நேராக அண்ணன் முன்னால் வந்து உட்கார்ந்து, நான் எழுதக் காத்திருக்காமல் தாளை வாங்கித் தானே எழுதினாள். அம்மா அவசரத்தில் எதையோ இழுத்துத் தேய்த்துவிட்டாள் என்று சொல்கிறார்களே, உண்மையா? அம்மா கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தாள்?

"ஒங்கம்மா அப்ப வேலையே செய்யலம்மா" என்றான் அண்ணன். "கையத் தொடச்சிட்டு எந்திரிச்சிருச்சு. ஒன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு. நர்ஸுக்குப் படிக்கணும்னு சொன்னியாமே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "அக்கா, அத நான் அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். முந்தின நாள் ராத்திரிதான் சொன்னேன்" என்றாள்.

அவர்கள் போன பிறகு அண்ணனிடம் அதை எழுதிக் காட்டினேன். அவனே திடுக்கிட்டுப்போனான். "சும்மா வாயில வந்துச்சு பிள்ள. படிக்கிற பிள்ளைக்கு எது சொல்லலாம்னு நெனச்சேன், வந்துச்சு" என்றான். பிறகு தாளைத் திருப்பி, கலர் பிசகின முருகன் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அன்றிலிருந்துதான் பயம் வந்தது. அதுவரைக்கும் அவன் சொல்வது அத்தனையும் கற்பனை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது அதற்குள் எங்கோ ஒரு நிஜத் துண்டு கிடக்கிறது, எது என்று அவனுக்கும் தெரியவில்லை.

பெரியவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் கேட்பார், ஒவ்வொரு தடவையும் அண்ணன் கொஞ்சம் சேர்த்துச் சொல்வான். பையன் சிரித்ததோடு நிற்காமல், "அப்பாவுக்கு வெள்ள வேட்டி எடுக்கணும்ணே" என்று பேசவும் செய்தான். நான் தடுக்கவில்லை. தடுத்தால் அந்த மனுஷர் எதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்?

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியவர் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் ஒன்றாகச் சந்தித்தது அதுதான் முதல் தடவை. அம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். இழவு வீட்டில் விசாரிப்பதுபோல ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். பெரியவர்தான் ஆரம்பித்தார்.

"என் மகன் தண்ணி குடிக்க வாசலுக்கு வந்துட்டானாம். அந்த நேரம் பாத்து ஆகிப்போச்சு."

"என் வீட்டுக்காரியும் வேலைய விட்டு எந்திரிச்சிட்டாளாம்" என்றார் அந்தப் பெண்ணின் அப்பா. சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் தேய்ந்தது.

அம்மா தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அப்பத் தட்டு யாரு கையில இருந்துச்சு?" என்றார் பெரியவர், என்னைப் பார்த்து. "கேளு தாயி. எழுதிக் கேளு."

பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. எழுதத் தேவையும் இல்லாமல் போயிற்று. முகங்களைப் பார்த்தே அண்ணனுக்கு விளங்கிவிட்டது. அவன் எழுந்து நின்றான். தன் குரல் கேட்காதவன் ஆதலால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னது அம்புட்டும் நானாச் சொன்னது."

அந்தப் பெண்ணின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பெரியவர் துண்டை எடுத்து மெதுவாகத் தோளில் போட்டார். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன்.

"ஞாபகம் இல்லேன்னு அன்னைக்கே சொல்லிருந்தா நான் போயிருப்பேனே தம்பி" என்றார். "இப்ப அவன் சிரிச்சத நான் எங்கன கொண்டுபோய் வைக்க?"

அண்ணனுக்கு அது கேட்கவில்லை. என்னை எழுதச் சொல்லிக் கையைக் காட்டினான். நான் எழுதவில்லை.

அந்தப் பெண் மட்டும் கிளம்பும்போது திரும்பி வந்தாள். "நர்ஸுன்னு எப்படித் தெரியும்?" என்று தாளில் எழுதினாள். அண்ணன் ரொம்ப நேரம் யோசித்தான். "தெரியலம்மா. சத்தியமாத் தெரியல" என்றான்.

அதற்குப் பிறகு அவன் டிவி பக்கமே போகவில்லை. பயர் ஆபீஸுக்கும் திரும்பவில்லை. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போனான். யாரோடும் பேச வேண்டியதில்லாத வேலை. நான் தனியாகப் படத்துக்குப் போனேன். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் முடியவில்லை. முடிவைச் சொல்லாமல் விடுகிற படங்கள் அப்போது நிறைய வர ஆரம்பித்திருந்தன. அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பேசுவார்கள். அவரவர் நினைக்கிறபடி முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு அந்த இடத்திலிருந்து எழுந்து போய்விடத் தோன்றும். அவரவர் நினைக்கிறபடி முடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவரை மறுபடி ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற ஆடிக் கூட்டத்தில், பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் ஊர்க்காரர் யாரோ. "தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்திருக்கான். தம்ளரு கையில. வெயிலு இந்தத் தோள்ல விழுது. சிரிக்கான்" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். தான் நேரில் நின்று பார்த்ததுபோலச் சொன்னார். நடுவில் என்னைப் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை. நான்தான் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் நர்ஸிங் சேர்ந்துவிட்டாள். மதுரையிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது தனியாக வீட்டுக்கு வந்தாள். சாப்பிடச் சொன்னோம், சாப்பிட்டாள். பாத்திரத்தைக்கூட அம்மாவோடு சேர்ந்து கழுவினாள். பிறகு என்னிடம், "அன்னைக்குச் சொன்னத அண்ணன இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்கக்கா" என்றாள்.

"அது நெசமில்லேன்னு அவனே சொல்லிட்டானே தாயி."

"இருக்கட்டும். அந்த நர்ஸு மட்டும் நெசமா இருக்கலாமில்ல?"

எழுதிக் காட்டினேன். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். "வேண்டாம்மா. இன்னொருக்கா சொன்னா நானே நம்பிருவேன். இப்பவே ஒங்கம்மா கையத் தொடைக்கிறது என் கண்ணுக்குத் தெரியுது. அது நான் பாத்ததா, நான் சொன்னதான்னு எனக்குத் தெரியல."

அவள் வற்புறுத்தவில்லை. போகும்போது அவன் முதுகுக் காயத்தைச் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன களிம்பு போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்த பிறகும் மாதம் ஒருமுறை சாத்தூர் போய்விடுவேன். அப்படிப் போன ஒரு மத்தியானம், சோற்றில் ரசத்தை விட்டுக்கொண்டிருந்தபோது, நான் ஒன்றும் கேட்காமலே அண்ணன் சொன்னான்.

"யாரோ என்னக் கூப்பிட்டாக பிள்ள. வாசலுக்கு உள்ள ஒரு காலு வச்சிட்டேன். பின்னால கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. திரும்புனேன். அதான் முதுகுல பட்டுச்சு."

எப்போதும் முணுமுணுப்பு, இல்லாவிட்டால் கத்தல். அன்றைக்கு மட்டும் காது கேட்கிறவன் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினான். இந்த வார்த்தைகளை அவன் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் பார்த்த எந்தப் படத்திலும் அப்படி ஓர் இடம் எனக்கு ஞாபகம் இல்லை.

நான் தாளை எடுத்தேன். "வெளியிலிருந்தா, உள்ளேயிருந்தா?" என்று எழுதினேன்.

"தெரியல. அறையெல்லாம் எதிரொலிக்கும்ல. குரலு மட்டும் இருக்கு."

உள்ளேயிருந்து வந்த குரல் என்றால் அந்த இரண்டு பேரில் ஒருவருடையதுதான். பையன் அவனை அண்ணே என்று கூப்பிடுவான். அந்த அம்மா வயதில் மூத்தவர், தம்பி என்பார். என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் போதும். எதையோ முதலில் பார்த்துவிட்டு அவனை எச்சரிக்கக் கூப்பிட்டவர் யார் என்று தெரிந்துவிடும். எச்சரித்தவர் தவறு செய்தவராக இருக்க மாட்டார் என்று ஒரு குடும்பம் நிம்மதி அடையும். இன்னொரு குடும்பத்துக்கு நான் என்ன எழுதிக் காட்டுவது? பேனா தாளில் பட்டு ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருந்தால் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்.

தாளை மடித்து முந்தானையில் செருகிக்கொண்டு, அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். "போதும்" என்று கையை மறித்தான். பிறகு சாப்பிட்டான்.